புல்லா, புழுதியா?

பள்ளி அறிவியல் புத்தகத்தில் குதிரைகள் வரிசை கட்டி நிற்கும் படத்தைப் பார்க்காமல் படிப்பை முடித்தவர்கள் குறைவு. இடது ஓரத்தில் நாயளவில் ஒன்று நிற்கும். முன்காலில் நான்கு விரல். அடுத்தது ஆட்டு உயரம், மூன்று விரல். அப்படியே வளர்ந்து வலது ஓரத்தில் ஒற்றைக் குளம்போடு இன்றைய குதிரை. பக்கத்திலேயே கடைவாய்ப் பற்களையும் வரைந்திருப்பார்கள். அவையும் குட்டையாகத் தொடங்கி நெட்டையாக முடியும். விளக்கம் இரண்டே வரி. காடு சுருங்கிப் புல்வெளி பரவியது, புல் பல்லைத் தேய்த்தது, அதனால் பல் உயர்ந்தது. வெட்டவெளியில் ஒளிய இடமில்லை, ஓட வேண்டியிருந்தது, அதனால் விரல் குறைந்தது.

இவ்வளவு கச்சிதமான கதை பரிணாம இயலில் அதிகம் இல்லை. கச்சிதமாக இருந்ததாலேயே அதைக் குதிரையோடு நிறுத்தாமல், அழிந்துபோன எல்லாக் குளம்பிகளுக்கும் அளவுகோலாக்கினார்கள். (தனித்தமிழ் அன்பர்கள் காப்பிக்கும் 'குளம்பி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், இங்கே பேச்சு கால் குளம்பு பற்றி.) எங்கே நெட்டைப் பல் புதைபடிவம் கிடைத்தாலும் அங்கே ஒரு காலத்தில் புல்வெளி இருந்தது என்று எழுதிவிட்டார்கள். கடந்த முப்பது ஆண்டுகளில் அந்த இரண்டு வரிகளும் ஆட்டம் கண்டிருக்கின்றன. எந்த அளவுக்கு என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் பல்லைப் பார்த்துவிடுவோம். ஆடு மேய்ப்பவர்களுக்குத் தெரிந்த வேறுபாடு இது: வெள்ளாடு தழை கடிக்கும், செம்மறி புல் மேயும். புதைபடிவ இயலாளர்கள் குளம்பிகளைப் பிரிப்பதும் ஏறக்குறைய இந்த அடிப்படையில்தான். தழை மென்மையானது, குட்டைப் பல்லே ஆயுள் முழுக்க அரைத்துவிடும். புல் அப்படி இல்லை. குதிரையின் கடைவாய்ப் பல் ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை தேய்கிறது. அதை ஈடுகட்ட 7, 8 சென்டிமீட்டர் நீளமுள்ள பல் தாடைக்குள் புதைந்து கிடந்து, மேலே தேயத் தேயக் கீழிருந்து ஏறி வருகிறது. அந்தப் பல்லில் எனாமல் மடிப்பு மடிப்பாக உள்ளே இறங்கும். நடுவில் டென்டைன், வெளியே சிமென்ட். மூன்றும் மூன்று வேகத்தில் தேய்வதால் மேற்பரப்பு எப்போதும் சொரசொரப்பாகவே இருக்கும். அம்மிக்கு ஆண்டுக்கொரு முறை கொத்துபவர் வர வேண்டும். இது தன்னைத் தானே கொத்திக்கொள்ளும் அம்மி. கையிருப்பு தீர்ந்த நாளில் குதிரைக்கு அரைக்க வழியில்லை.

இந்தப் பல்லையும் புல்லையும் முதலில் அழுத்தமாக முடிச்சுப் போட்டவர் ரஷ்யரான விளாதிமிர் கோவலெவ்ஸ்கி. கணித மேதை சோஃபியா கோவலெவ்ஸ்காயாவின் கணவர். 1870-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் இருந்த ஆங்கித்தீரியம், ஹிப்பாரியன் என்ற பழங்குதிரைகளின் எலும்புகளை வைத்து, உணவு மாறியதால் பல் மாறியது, தரை மாறியதால் கால் மாறியது என்று வாதிட்டார். உறுப்பையும் வாழிடத்தையும் சேர்த்துப் படிக்கும் முறைக்கே அவரை முன்னோடி என்று சொல்லலாம். ஆனால் அவர் கையிலிருந்த எலும்புகள் தவறான ஊரின் எலும்புகள். 1876-இல் அமெரிக்கா சென்ற ஆங்கிலேய உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி, யேல் பல்கலைக்கழகத்தில் ஓ. சி. மார்ஷ் சேர்த்திருந்த குதிரைப் புதைபடிவங்களைப் பார்த்துவிட்டு, குதிரை ஐரோப்பாவில் வளர்ந்தது என்ற தன் கருத்தை மாற்றிக்கொண்டார். குதிரையின் தாய்வீடு வட அமெரிக்கா; ஐரோப்பாவில் கிடைத்தவை அவ்வப்போது குடிபெயர்ந்து வந்த கிளைகள். ஆங்கித்தீரியம் இன்றைய குதிரைக்குப் பாட்டன் அல்ல, வாரிசில்லாமல் போன சித்தப்பா. வேடிக்கை என்னவென்றால், சான்று வீழ்ந்தாலும் விளக்கம் வீழவில்லை. கோவலெவ்ஸ்கியின் புல் விளக்கம் அப்படியே மார்ஷின் எலும்புகள் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. 1951-இல் ஜார்ஜ் கேலார்ட் சிம்ப்சன் குதிரைகளைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற நூலில் வரிசைப் படத்தை உடைத்துக் கிளை விரிந்த புதராக வரைந்தார். புல்லை மட்டும் தொடவில்லை.

இத்தனைக்கும் இந்த விவாதத்தில் புல்லை யாரும் பார்த்ததே இல்லை. புல் எளிதில் கல்லாவதில்லை. பல் உயர்ந்ததற்குக் காரணம் புல்வெளி. புல்வெளி இருந்ததற்குச் சான்று பல்லின் உயரம். இப்படி ஒரே வட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

வட்டத்தை உடைத்தது புல்லுக்குள் இருக்கும் மணல். புல் தன் செல்களில் சிலிக்காவைப் படிய வைக்கிறது. செடி மட்கிய பின்னும் ஃபைட்டோலித் எனப்படும் அந்த நுண்மணிகள் மண்ணில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடக்கும். வடிவத்தைப் பார்த்து இது பனை, இது அகன்ற இலை மரம், இது புல் என்று பிரிக்கலாம். இந்த முறையின் பெரிய அதிர்ச்சி இந்தியாவிலிருந்து வந்தது. மகாராஷ்டிரத்தின் பிஸ்துராவில் கிடைத்த, டைனோசர்களுடையது என்று கருதப்படும் கல்லாகிப்போன சாணத்தை லக்னோவின் பீர்பால் சாஹ்னி நிறுவனத்தைச் சேர்ந்த வந்தனா பிரசாத்தும், அவரோடு கரோலின் ஸ்ட்ரோம்பெர்க், அசோக் சாஹ்னி முதலியோரும் ஆராய்ந்தார்கள். 2005-இல் வெளியான முடிவு: உள்ளே புல் மணிகள், அதுவும் பல வகை. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே புல் இருந்திருக்கிறது, பல கிளைகளாகப் பிரிந்தும் இருந்திருக்கிறது. 2011-இல் அதே குழு நெல் சார்ந்த கிளையின் அடையாளத்தையும் அங்கே கண்டது. புல்லைத் தின்ற முதல் பெரிய விலங்கு குதிரையல்ல என்பது போகட்டும்; புல் தோன்றுவது வேறு, புல்வெளி பரவுவது வேறு என்பது அன்றைக்கு உறுதியானது. கோடிக்கணக்கான ஆண்டுகள் புல் காட்டின் ஓரத்தில் ஏழை உறவினனாகவே வாழ்ந்திருக்கிறது.

ஸ்ட்ரோம்பெர்க் இதே முறையில் வட அமெரிக்கச் சமவெளியின் அடுக்குகளைப் படித்தபோது, புல் மிகுந்த திறந்தவெளி சுமார் 2.2 கோடி ஆண்டுகளுக்கு முன்போ அதற்கும் முன்னதாகவோ வந்துவிட்டது தெரிந்தது. மெரிக்கிப்பஸ் போன்ற உயரப் பல் குதிரைகள் தலைகாட்டுவது அதற்குக் குறைந்தது 40 லட்சம் ஆண்டுகள் கழித்து. இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். அழுத்தம் மென்மையாக இருந்ததால் பல் மெதுவாக உயர்ந்தது என்று பழைய கதையைக் காப்பாற்றலாம். அல்லது, இவ்வளவு காலம் குட்டைப் பல்லோடு புல்வெளியில் வாழ முடிந்தது என்றால் அழுத்தம் புல்லிலிருந்து வந்ததா என்றே கேட்கலாம். 2011-இல் மத்தியூ மில்பாக்லரும் மற்றவர்களும் சுமார் 6,500 குதிரைப் பற்களின் தேய்மானத்தை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு நடுவில் நிற்கிறது: மொத்தப் போக்கில் தேய்மானமும் உயரமும் சேர்ந்தே ஏறுகின்றன; ஆனால் தொடக்கத்தில் தேய்மானம் சிறிதளவே கூடியிருக்கிறது, பல் பின்தங்கியே வந்திருக்கிறது. வட அமெரிக்காவை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் பழைய கதைக்குக் காயம்தான், சாவு இல்லை.

அதன் உயிருக்கு உலை வைத்தது படகோனியா.

தென் அமெரிக்கா பல கோடி ஆண்டுகள் தனித் தீவுக் கண்டம். அங்கே குதிரையும் இல்லை, மானும் இல்லை. பதிலுக்கு வேறெங்கும் இல்லாத குளம்பிக் குலங்கள் தழைத்தன. அவற்றில் கடைசியாக வாழ்ந்த இரண்டை வெளியுலகுக்குக் காட்டியவர் சார்லஸ் டார்வின். 1833 நவம்பரில், இன்றைய உருகுவேயில் ஒரு பண்ணை வீட்டில், நீர்யானைத் தலை போன்ற ஒரு மண்டையோட்டைப் பதினெட்டுப் பென்சுக்கு வாங்கினார். கிடைத்தபோது முழுசாக இருந்ததாம். ஊர்ப் பிள்ளைகள் கல்லெறிந்து பல்லைத் தட்டிவிட்டு, அதையே குறிபார்க்கும் இலக்காக வைத்து விளையாடியிருக்கிறார்கள். ஆனால் டார்வினிடம் ஒரு பல் இருந்தது. அங்கிருந்து 180 மைல் தள்ளி ஓர் ஆற்றங்கரையில் தனியாகக் கண்டெடுத்தது. இந்த மண்டையோட்டின் குழியில் அச்சாகப் பொருந்தியது. இரண்டு வெவ்வேறு விலங்குகள், ஒரே இனம். உடற்கூற்றியலாளர் ரிச்சர்ட் ஓவன் அதற்கு டாக்ஸோடான் என்று பெயரிட்டார். அடுத்த ஜனவரியில் படகோனியாவின் சான் ஹுலியான் துறைமுகத்தில் டார்வினுக்குக் கிடைத்த எலும்புகள் மக்ராக்கேனியா ஆயின. ஒட்டக உறவு என்றார் ஓவன். டாக்ஸோடானிலோ அவர் எலிக்குலத்தின் சாயலைக் கண்டார்.

இவை யாருடைய உறவு என்ற கேள்வி ஏறக்குறைய 180 ஆண்டுகள் தீராமல் கிடந்தது. அர்ஜென்டினாவின் ஃப்ளோரென்டினோ அமெகினோ தன் தம்பி கார்லோஸ் படகோனியாவில் தோண்டி அனுப்பிய எலும்புகளை வைத்து நூற்றுக்கணக்கான இனங்களுக்குப் பெயர் சூட்டினார். வயிற்றுப்பாட்டுக்குப் புத்தகக் கடை. கடைக்கும் அழிந்துபோன ஒரு விலங்கின் பெயர்தான்: 'கிளிப்டோடான்'. உயரப் பல் கொண்ட ஒன்றுக்கு நோட்டோஹிப்பஸ், அதாவது தென்திசைக் குதிரை, என்று பெயர் வைத்து, குதிரைக் குலமே படகோனியாவில் பிறந்தது என்று கடைசிவரை நம்பினார். நாட்டுப் பற்று கண்ணை மறைத்தது என்று சொல்லிவிடுவது எளிது. எனக்கு அவரைக் குறைசொல்லத் தோன்றவில்லை. பல்லைப் பார்த்து உறவு சொல்வது அன்றைய முறை. அந்தப் பல் அப்படியே குதிரைப் பல் போல இருந்தது. கடைசியில் 2015-இல் எலும்பிலிருந்த கொலாஜன் புரதத்தை வைத்து டாக்ஸோடானும் மக்ராக்கேனியாவும் குதிரை, காண்டாமிருகம், டாபிர் அடங்கிய கூட்டத்துக்கு நெருங்கியவை என்று தெரிந்தது. 2017-இல் மக்ராக்கேனியாவின் மைட்டோகாண்ட்ரியா மரபணு அதை உறுதி செய்து, பிரிவு நேர்ந்தது சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் என்றது. அமெகினோ சொன்ன பாட்டன் உறவு தவறு. தூரத்துப் பங்காளி உறவு மெய்.

நம் கேள்விக்கு வருவோம். இந்தத் தென் அமெரிக்கக் குளம்பிகளில் பல கிளைகள் 3.8 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பல்லை உயர்த்திக்கொண்டன. குதிரையைவிட இரண்டு கோடி ஆண்டுகள் முந்தி. அளவுகோலின்படி அங்கே உலகின் முதல் புல்வெளி இருந்திருக்க வேண்டும். அப்படியே நம்பவும் செய்தார்கள். படகோனியாவின் சூபுத் மாநிலத்தில் கிரான் பர்ரான்கா என்ற நெடுஞ்சரிவில் 4.3 கோடி முதல் 1.8 கோடி ஆண்டு வரையிலான அடுக்குகள் ஏறக்குறைய தொடர்ச்சியாகக் கிடக்கின்றன. ஸ்ட்ரோம்பெர்க் குழு அந்த மண்ணிலுள்ள சிலிக்கா மணிகளை எண்ணி 2013-இல் முடிவைச் சொன்னது. பனை இருந்தது, மரங்கள் இருந்தன. புல்வெளி இல்லை. புல்லே சொற்பம். அந்த அடுக்குகள் எதனால் ஆனவை? எரிமலைச் சாம்பலும் காற்று கொண்டுவந்து கொட்டிய தூசியும். சாம்பல் என்பது நொறுங்கிய கண்ணாடி. தழையானாலும் புல்லானாலும் மேலே படிந்திருந்தால் பல்லுக்கு ஒன்றுதான். இரண்டாண்டு கழித்து ரீகன் டன் இன்னொரு நுட்பத்தைச் சேர்த்தார். நிழலில் வளரும் இலையின் மேல்தோல் செல்லும் வெயிலில் வளரும் இலையின் செல்லும் அளவிலும் வளைவிலும் வேறுபடும். அந்த வடிவம் மணிகளிலும் பதிந்திருக்கும். அதன்படி படகோனியாவின் மரக்கூரை அந்தக் காலத்தில் விலகியிருக்கிறது, நிலம் வறண்டு திறந்திருக்கிறது. புல் இல்லாத, புதர் மண்டிய, புழுதி பறக்கும் வெளி. பல் உயர்ந்தது அந்த வெளியில்தான்.

இந்த இடத்தில் செம்மறிகள் உள்ளே வருகின்றன. 1959-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சிலர், புல்லின் சிலிக்கா மணிகள் செம்மறிப் பல்லின் எனாமலைவிடக் கடினமானவை, தேய்மானத்துக்கு அவையே காரணம் என்று எழுதினார்கள். சில ஆண்டுகளில் நியூசிலாந்தில் வேறு முடிவு வந்தது: பல் வேகமாகத் தேய்ந்த மந்தைகள் புல்லோடு சேர்த்து அதிக மண்ணை விழுங்கிய மந்தைகள். 2007-இல் நுண்கருவியால் அளந்தவர்கள், மணிகள் எனாமலைவிட மெத்தென்றவை என்றார்கள். 2013-இல் பீட்டர் லூகாஸ் குழு, குவார்ட்ஸ் தூசி எனாமலைச் சீவி எடுக்கிறது, சிலிக்கா மணி அழுத்தித் தேய்த்துத் தடம் மட்டும் பதிக்கிறது என்று காட்டியது. புழுதிக் கட்சி ஜெயித்ததாக நினைத்தபோது, 2015-இல், எனாமலைவிட மெத்தென்ற துகளும் எனாமலை அரிக்க முடியும் என்று மறுகட்சி ஆய்வகச் சான்றோடு வந்தது. தண்ணீர் கல்லைக் கரைப்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது. என் கணிப்பில், மணிகள் முற்றிலும் குற்றமற்றவை அல்ல. ஆனால் புல் தரையை ஒட்டி வளர்வதே அதன் பெரிய குற்றம். மேய்கிற வாய் மண்ணோடு உரசுகிறது.

சரி, பல்லின் உயரம் உணவைச் சொல்லாது என்றால் வேறு எது சொல்லும்? எனாமலிலேயே உறைந்திருக்கும் கார்பன். வெப்ப நாட்டுப் புற்களில் பெரும்பாலானவை சி-4 எனும் ஒளிச்சேர்க்கை முறையைக் கொண்டவை. கரும்பு, சோளம், கம்பு, கேழ்வரகு எல்லாம் இந்தச் சாதி. மரம், செடி, நெல், கோதுமை சி-3. சி-4 செடியில் கார்பன்-13 கூடுதல். தின்ற விலங்கின் பல்லிலும் அந்த விகிதம் நிற்கும். மட்கிய கரியிலும் நிற்கும்: நீலகிரியின் கரிச்சேற்றிலிருந்து கடந்த 20,000 ஆண்டுகளின் வறட்சியையும் மழையையும் ஆர். சுகுமார் முதலியோர் 1993-இல் படித்தெடுத்தது இதே வழியில்.

இந்த அளவையைக் கொண்டு 1999-இல் புரூஸ் மெக்ஃபேடன் குழு, ஃப்ளோரிடாவில் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒன்றாக வாழ்ந்த ஆறு குதிரை இனங்களைப் பார்த்தது. ஆறுக்கும் உயரப் பல். பழைய கணக்கில் ஆறும் புல் மேய்பவை. கார்பனும் பல்லின் நுண்கீறல்களும் வேறு சொல்லின: சில புல், சில இரண்டும் கலந்து, சில பெரும்பாலும் தழை. டாக்ஸோடானின் பல்லோ ஆயுள் முழுக்க வளர்வது. அப்படியிருந்தும் அமேசான் பக்கம் காட்டுத் தழை தின்றிருக்கிறது, வேறிடங்களில் புல் மேய்ந்திருக்கிறது. உயரப் பல் என்பது ஒரு கட்டளை அல்ல, ஓர் உரிமம். அதை வைத்துக்கொண்டு புல்லும் தின்னலாம், வேண்டாமென்றும் விடலாம். குட்டைப் பல்லுக்குத்தான் அந்த வசதி இல்லை.

இந்தியத் துணைக்கண்டத்தின் சிவாலிக் குன்றுகள் இதற்கு நல்ல உரைகல். கால்வாய்ப் பொறியாளர் பிராபி காட்லியும் மருத்துவர் ஹ்யூ ஃபால்கனரும் 1830-களில் அங்கே அள்ளிய எலும்புகளில் சிவாதீரியம் பேர்போனது. ஒட்டகச்சிவிங்கிக் குலம், ஆனால் கழுத்து குட்டை, உடல் காளை போல, தலையில் விரிந்த கொம்புகள். 2016-இல் எலும்புகளைக் கணினியில் பொருத்தி அளந்தபோது எடை ஏறக்குறைய 1,250 கிலோ வந்தது. சிவாலிக் அடுக்குகளில் ஹிப்பாரியன் குதிரைகள் சுமார் 1.07 கோடி ஆண்டுகளுக்கு முன் வந்து சேர்கின்றன; வரும்போதே உயரப் பல். அந்த நிலத்தில் சி-4 புல்வெளி பரவியதோ 80 லட்சத்துக்கும் 60 லட்சத்துக்கும் இடைப்பட்ட காலத்தில். பாகிஸ்தானின் போட்வார் மேட்டு நிலத்து மண்ணை வைத்து ஜே குவேட், தூரே சர்லிங் முதலியோர் 1989-இல் காட்டியது இது. பல் தயாராக வந்து முப்பது லட்சம் ஆண்டுகள் காத்திருந்திருக்கிறது. புல்வெளி வந்தபோது அது வாழ்ந்தது. காட்டையே நம்பியிருந்த பல குளம்பிகள் அடுக்கிலிருந்து மறைந்தன. ஆப்பிரிக்காவில் வாழ்ந்த சிவாதீரியமோ சுவாரசியமானது. துர்கானா ஏரிப் படுகையில் முதலில் தழை தின்றது, பின்னாளில் சி-4 புல்லுக்கே மாறிவிட்டது. ஒட்டகச்சிவிங்கிக் குலத்தில் புல் மேயும் விலங்கு ஒன்று.

காலைப் பற்றிய இரண்டாம் வரிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1993-இல் கிறிஸ்டின் ஜேனிஸும் பாட்ரிசியா வில்ஹெல்மும் எளிய கேள்வி கேட்டார்கள்: துரத்தியது யார்? ஓநாய் போல நெடுந்தூரம் விரட்டும் கொன்றுண்ணிகள் வருவதற்குச் சுமார் இரண்டு கோடி ஆண்டுகள் முன்பே குளம்பிகளின் கால் நீண்டுவிட்டது. அப்படியானால் கால் ஓட்டத்துக்கு மட்டுமல்ல, தொலைதூரம் சிக்கனமாக நடக்கவும்தான். இதற்கு நான் மிகவும் ரசிக்கும் சாட்சி தோவாதீரியம். படகோனியாவில் சுமார் 1.7 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மான் அளவுப் பிராணி; அமெகினோ 1887-இல் பெயரிட்டது. அதன் காலில் ஒரே விரல். குதிரையின் காலில் எஞ்சியிருக்கும் பக்கக் குச்சியெலும்பு கூட இதில் தேய்ந்து ஏறக்குறைய இல்லாமலேயே போனது. குதிரையைவிடக் கச்சிதமான குதிரைக்கால். பல்லோ குட்டை. கதையின் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபாதியை விட்டுவிட்ட விலங்கு. கேலிக்கோத்தீர்கள் இன்னும் ஒரு படி மேலே: குதிரையின் உறவு, ஆனால் குளம்புக்குப் பதில் நகம். பல்லையும் நகத்தையும் நெடுநாள் இரண்டு வெவ்வேறு விலங்குகளுடையவை என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

புல்லையும் புழுதியையும் ஒரே உடலில் பார்க்க வேண்டுமானால் நெப்ராஸ்காவுக்குப் போக வேண்டும். 1971-இல் புதைபடிவ இயலாளர் மைக்கேல் வூரீஸ் ஒரு மக்காச்சோளக் காட்டின் ஓரத்துப் பள்ளத்தில் குட்டிக் காண்டாமிருகத்தின் மண்டையோடு நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார். இன்று அந்த இடம் ஆஷ்ஃபால் புதைபடிவப் பூங்கா. சுமார் 1.2 கோடி ஆண்டுகளுக்கு முன், ஏறக்குறைய ஆயிரம் மைல் தொலைவில், இன்றைய ஐடஹோவில், ஓர் எரிமலை வெடித்தது. சாம்பல் நிலமெங்கும் படிந்து, காற்றில் அடித்து வந்து இந்த நீர்க்குட்டையில் குவிந்தது. அடியில் ஆமைகளும் பறவைகளும். அவை முதலில் செத்தவை. மேலே சிறு மான் போன்றவை, அதற்கு மேல் குதிரைகளும் ஒட்டகங்களும். எல்லாவற்றுக்கும் மேலே டெலியோசெராஸ் என்ற குட்டைக்கால் காண்டாமிருகங்கள், நூற்றுக்கும் மேல். பெரும்பாலும் பெண்களும் குட்டிகளும். பெரிய நுரையீரல் என்பதால் சில வாரங்கள் தாங்கியிருக்கின்றன. நுரையீரல் கெட்டுச் சாகும் விலங்கின் எலும்பில் வரும் மிதமிஞ்சிய புடைப்பு இவற்றின் எலும்பிலும் இருக்கிறது. 1979-இல் வூரீஸும் தாவர இயலாளர் ஜோசப் தாமஸனும் அந்த எலும்புக்கூடுகளின் வாய்க்குள்ளும் தொண்டைப் பக்கமும் உமியோடு கூடிய புல் விதைகளைக் கண்டெடுத்தார்கள். சாம்பல் மூடிய நிலத்தில், மூச்சு முட்டிக்கொண்டிருந்த நிலையிலும், அவை மேய்வதை நிறுத்தவில்லை.